வேலியில் கட்டிய உப்பு

பனி இன்னும் விலகாத காலை. மடத்துக்குளத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், என் மனைவியின் தம்பி சென்னியப்பனின் மக்காச்சோளத் தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டினால் புலிகள் காப்பகம்.

வேலிக் கம்பி நெடுகத் துணிப் பட்டைகள் கட்டியிருந்தோம். சிவப்பு, நீலம், கரும்பச்சை. எல்லாம் என் சாயப்பட்டறையிலிருந்து வந்தவை. அன்றைக்குக் காற்றே இல்லை. சோளத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. துணிகள் மட்டும் அசைந்தன.

அதுவும் எல்லாத் துணிகளும் அல்ல. ஒரு சிவப்புப் பட்டை மெல்ல விறைத்துப் பனிக்குள் நீண்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தளர்ந்து தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை விறைத்தது. அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது போலிருந்தது.

பிறகு சத்தம் கேட்டது. ஈரமான சத்தம். குழந்தை பால் குடிக்கும்போது வருமே, அது. ஆனால் ஒரே வாயிலிருந்து வரவில்லை.

என்னோடு வந்திருந்த காட்டோரக் காவலர் பொன்னான் என் தோளில் கை வைத்து அழுத்தினார். அசையாதே என்று அர்த்தம்.

பனி கீழேயிருந்து விலகியது. அதனால் முதலில் கால்கள் மட்டும் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரியான கால்கள். வரிசையாக, வேலி போகும் தூரத்துக்கு. அவற்றுக்கு மேலே உடம்பு எதுவும் இல்லை. வெறும் கால்கள் நின்று சப்பிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டுமாடுகள் உருவம் பெற்றன. எங்களைப் பார்த்தன. ஓடவில்லை. பார்த்துக்கொண்டே சப்பின.

"பாத்துட்டீங்களா சாமி?" என்று பொன்னான் என் காதோரம் சொன்னார். "துணிக்குத்தான் வருதுங்க."

இந்தப் பொன்னானைத்தான் பின்னால் ஏழு ஊர்க்காரர்கள் முன்னிலையில் திருடனாக்கினேன். அவர் திருடவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

பத்திரிகைக்கு இந்த வாழ்க்கைத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்த ஓர் அத்தியாயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கல்லூரியில் வேதியியல் படித்தது, திருப்பூர் நல்லூரில் முதல் சாயத்தொட்டி கட்டியது, கல்யாணம் ஆனது என்று எதையெதையோ எழுதினேன். வாசகர் ஒருவர், "தங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் இன்று அபூர்வம்" என்று கடிதம் போட்டிருந்தார். இரண்டாம் முறை அதைப் படிக்க முடியவில்லை.

காட்டுக்கு வந்த சாயக்காரர்

திருப்பூர்ச் சாயக்காரனுக்குக் காட்டின் மேல் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். முதலில் அது அக்கறையே இல்லை.

சாயத்தண்ணீரை விட்டு ஆற்றை நாங்கள் என்ன செய்தோம் என்று ஊருக்கே தெரியும். பிறகு சட்டம் வந்தது. சாயத்தண்ணீரை ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது, சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றானது. அதே சமயம், பையர்கள் என்று நாங்கள் சொல்லும், பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்கத் தொடங்கினார்கள். பனியன் மட்டும் போதாது, அந்தப் பனியனைத் தைத்தவர்கள் இயற்கைக்கு என்ன நல்லது செய்தார்கள் என்றும் காட்ட வேண்டுமாம். ஏற்றுமதியாளர்கள் சிலர் கூடி "காட்டோரக் கைகோப்பு" என்று ஓர் அமைப்பைத் தொடங்கினோம். படித்தவன், பேசத் தெரிந்தவன், சாயப்பட்டறையை மகனிடம் பாதி விட்டுவிட்டவன் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள்.

வனத்துறை எங்களை வரவேற்றது. பள்ளிக்கூடங்கள் வரவேற்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி வேன்களில் தையல் தொழிலாளர்கள் வந்து பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். வரவேற்காதவர்கள் காட்டோர விவசாயிகள் மட்டுமே. காடு பிழைக்குமா சாகுமா என்பது உண்மையில் அவர்கள் கையில்தான் இருந்தது.

முதல் கூட்டத்துக்கு ஒரு டீக்கடை முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். யானையின் அருமை பற்றி நான் பேசி முடித்ததும் ராக்கியப்பன் என்ற விவசாயி எழுந்தார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. ஆத்த முடிச்சுப்போட்டு இப்பக் காட்டுக்கு வந்திருக்கறீங்களாக்கு?"

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

"யானைய எங்களுக்கும் புடிக்குமுங்க" என்றார் அவர். "கோயில்ல நிக்கறப்ப. கரும்புல நிக்கறப்பப் புடிக்கறதில்லீங்க."

அந்த ஊர்களில் சில தோட்டங்களின் வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரம் ஓடியது. எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மத்தியானம், அப்போது எங்களுக்குக் காட்டில் வழிகாட்டிக்கொண்டிருந்த பொன்னான் என்னை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். யார் தோட்டம் என்று எழுத மாட்டேன். கம்பியோரம் ஒரு பெண் யானை பக்கவாட்டில் கிடந்தது. அதன் மேல் பச்சைக் கிளைகள். யாரோ மறைக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மனுசன் போட்டதில்லீங்க சாமி. மத்த யானைங்க போட்டது" என்றார் பொன்னான். "இன்னும் போகலீங்க அதுங்க. அங்க பாருங்க."

அவர் காட்டிய திசையில் மரங்கள்தான் தெரிந்தன. வெகுநேரம் பார்த்த பிறகு, அந்த மரங்களுக்கு நடுவே ஒரு காது ஒருமுறை அசைந்தது. அவை அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அக்கறை வந்தது. அதை மட்டும் நம்புங்கள்.

அதன் பிறகு ஊர் ஊராகப் போனேன். சம்பந்தி வீடு, பங்காளி வீடு, கிடாவெட்டு என்று ஒன்று விடாமல் போய் உட்கார்ந்து பேசினேன். ஓர் உடன்பாடு உருவானது. ஏழு ஊர் விவசாயிகளும் மின்கம்பியை எடுத்துவிட வேண்டும். யானை இறங்கி வரும் தடத்தில் வேலி போடக்கூடாது. பதிலுக்கு நாங்கள் வனத்துறையோடு சேர்ந்து காவலர்களை அமர்த்துவோம், பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு வாங்க மனு எழுதிக் கொடுப்போம், காட்டுப்பன்றி வராமலிருக்க வேலிக்குத் துணி கொடுப்போம். கையெழுத்தாகும் முன்பே, வாய்ச்சொல்லை நம்பிக் கம்பிகள் இறங்கின, காவலும் துணியும் தொடங்கின.

அந்தப் பக்கத்தில் பன்றிக்குப் பழைய சேலை கட்டுவது வழக்கம். தோட்டத்தைச் சுற்றிச் சேலையை இழுத்துக் கட்டினால் பன்றி மிரளும். "எங்கூட்டுக்காரி பீரோவுல இனிச் சேலை இல்லீங்க, அடுத்தது என்ற வேட்டியத்தான் அவுக்கோணும்" என்று ராக்கியப்பன் சொன்னதும் எனக்கு யோசனை வந்தது. துணியா இல்லை, திருப்பூரில்?

வாஷ் போடாத துணி

வெட்டுத் துண்டுகள் எங்கள் ஊரில் சும்மா கிடைக்காது. பனியன் வேஸ்ட் என்று பெயர்தானே தவிர, அதற்கென்று வியாபாரிகள் உண்டு, விலை உண்டு. ஒரு கோணி வேஸ்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் வாட்ச்மேன் நிறுத்திக் கேட்பார். இதைப் பின்னால் வருவதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் என்னிடம் ஷேட் தவறிப்போன லாட்டுகள் இருந்தன. கேட்ட நிறம் ஒன்று, வந்த நிறம் ஒன்றான துணிகள். அவற்றைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

சாயம் போடும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருத்தியில் சாயம் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவோம். பிறகு சலவைச் சோடா. நிறம் பிடித்ததும் பலமுறை அலசினால்தான் அந்த உப்பும் சோடாவும் போகும். அலசுவதற்குத் தண்ணீர் வேண்டும். புதுச் சட்டத்தின் கீழ் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. வேலியில் தொங்கப்போகும் துணிக்கு எதற்கு வாஷ் என்று நினைத்தேன். மெஷினிலிருந்து எடுத்துப் பிழிந்து, அப்படியே காயப்போடச் சொன்னேன்.

மெஷினில் நின்ற பிகார்த் தொழிலாளி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சார், வாஷ் நஹி?"

"வேணாம்."

"ஏக் பார் பீ நஹி?" ஒரு தடவைகூட அலச வேண்டாமா என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. தண்ணி மிச்சம்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு துணியை அள்ளினார். காய்ந்த துணி அப்பளம் மாதிரி மொடமொடவென்றிருந்தது. கழிவுத் துணியும் பயன்பட்டது, தண்ணீரும் மிச்சமானது என்று பையரின் ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். பாராட்டிப் பதில் வந்தது.

நாக்கில் வைத்தேன்

மறுபடி அந்தப் பனிக் காலைக்கு வருகிறேன்.

வெயில் ஏறியதும் காட்டுமாடுகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டன. நாங்கள் வேலிக்குப் பக்கத்தில் போனோம். சப்பிய துணிகள் எச்சிலில் ஊறிக் கொழகொழத்தன. பல இடங்களில் முடிச்சு மட்டும் இருந்தது, துணி இல்லை.

பழைய சாய மாஸ்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அலசல் போதுமா என்று பார்க்கத் துணியை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கும் அது தொற்றியிருந்தது. காய்ந்திருந்த ஒரு நீலப் பட்டையின் நுனியை நாக்கில் வைத்தேன்.

கடல்.

உப்புக்காக மிருகங்கள் எவ்வளவு தூரம் நடக்கும் என்று காட்டுக்காரர்களுக்குத் தெரியும். நானோ ஆயுள் முழுக்க உப்பிலேயே நின்றவன், வேதியியல் படித்தவன். ஏழு ஊர் வேலிகளிலும் நான் உப்பைக் கட்டி வைத்திருந்தேன். விரட்டுவதற்காக.

"இன்னொண்ணும் காட்டோணுங்க" என்று பொன்னான் பள்ளத்துக்குள் இறங்கினார். ஓரிடத்தில் யானைச் சாணம் கிடந்தது. குச்சியால் பிளந்தார். உள்ளே சிவப்பும் பச்சையும் பின்னிக் கிடந்தன, சாயம் துளிகூட மங்காமல். நல்ல சாயம் என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அந்த ஒரு கணத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்தது. வாய் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு நுனி. பொன்னான் அதைப் பிடித்து இழுத்தார். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. ஒரு முழம், இரண்டு முழம். மானின் தலை அதோடு சேர்ந்து கொஞ்சம் எழும்பி எங்களைப் பார்த்தது. அவர் சட்டென்று விட்டுவிட்டார்.

"அத்தனையும் அவுத்தரலாமுங்க சாமி" என்றார். "ரண்டு நாளு போதுமுங்க. நம்ம ஆளுங்க இருக்கறாங்க."

அடுத்த வாரம் உடன்பாட்டில் கையெழுத்து. பையரின் ஆளுகள் வருகிறார்கள். துணிதான் மிருகத்தைக் கூப்பிடுகிறது என்று தெரிந்தால் ஒரு விவசாயியும் பேனாவைத் தொட மாட்டான். மறுநாளே மின்கம்பி ஏறிவிடும். அந்தப் பெண் யானை என் கண்ணுக்குள் இருந்தது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதியவன் முட்டாளாகக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது.

"கையெழுத்து முடியட்டும் பொன்னா" என்றேன். "அது வரைக்கும் வெளிய மூச்சு விடாத."

அவர் கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

முடிக்காத வாக்கியம்

கையெழுத்து நாளுக்குக் கல்யாண மண்டபம் பிடித்திருந்தோம். ஏழு ஊரும் வந்திருந்தது. மேடையில் அதிகாரிகள், பையரின் ஆளுகள். வாசலருகே சீருடையில் பொன்னான்.

நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது ராக்கியப்பன் எழுந்தார்.

"ஏனுங்க, எல்லாஞ் சரிங்க. கட்டுன துணியில பாதி இப்பவே காணமுங்களே? எங்கீங்க போச்சு? பன்னி எடுத்து உடுத்திக்கிச்சா?"

சிரிப்பு. என் மைத்துனன் சென்னியப்பனும் சேர்ந்துகொண்டான். "ஆமாங்க மச்சா, நம்ம தோட்டத்துலயும் மொட்டையா நிக்குது வேலி."

எனக்கு அப்போது விளங்கியது. அந்த ஒரு வாரமும் பொன்னான் பகல் நேரத்தில், தோட்டத்தில் ஆளில்லாதபோது, துணிகளை அறுத்திருக்கிறார். நான் பேசாதே என்றுதான் சொல்லியிருந்தேன். அறுக்காதே என்று சொல்லவில்லை. அவர் சொல் தவறவில்லை.

மண்டபம் என்னைப் பார்த்தது. பொன்னானும் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது.

"பனியன் வேஸ்ட்டுக்குத் திருப்பூர்ல என்ன கிராக்கின்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். "நாமளே காவலுக்குன்னு போட்ட ஆளு..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

பொன்னான் சொன்னார். சத்தமாகச் சொல்லிப் பழகாதவர், கொஞ்சம் திக்கிச் சொன்னார். "அறுத்தது நானுதானுங்க. காட்டுமாடு திங்குதுன்னுதான் அறுத்தனுங்க. விக்கலீங்க. பள்ளத்துல குழி வெட்டிப் பொதச்சு வெச்சிருக்கறனுங்க. வந்து பாருங்க."

"பொதச்சா மொளைக்குமாக்கு?" என்றது ஒரு குரல். மண்டபம் வெடித்துச் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் விஷயம் புரியாமலே சிரித்தார்கள். நான் அடுத்த தலைப்புக்குப் போனேன். கையெழுத்து நடந்தது.

அந்த மாதத்தோடு எங்கள் அமைப்பு பொன்னானை வேலையிலிருந்து நிறுத்தியது. தீர்மானத்தை எழுதியது நான்தான். சீருடையைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கொடியில் ஆடிய சட்டை

திருட்டுப் போனதற்குப் பதில் என்று சொல்லி, நன்றாக அலசிய துணியைக் கொண்டுபோய் ஏழு ஊரிலும் கட்டினேன். வேலியில் மிச்சமிருந்த பழையதை எரித்துவிட்டேன். தவறு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மிருகங்களுக்கு யார் சொல்வது? அவை வந்தன. புதுத் துணியைச் சப்பின. சுவையில்லை. போகாமல் நின்றன. நடுப்பகலில்கூட வேலியோரம் காட்டுமாடுகள் வெறும் துணியை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மேயவில்லை, அசைபோடவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்வது போல நின்றன.

பிறகு ஒருநாள் வேலியை விட்டுப் போய்விட்டன. நான் நிம்மதியடைந்தேன். அவை தேடத் தொடங்கியிருந்தன.

துணியென்றால் உப்பு என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். வேலியில் உப்பு இல்லையென்றால், வியர்வைத் துணி காயும் வீடுகளைத் தவிர வேறெங்கே இருக்கும்?

பொன்னான் வீடு கரட்டுப்பள்ளம் என்ற மலைவாழ் மக்கள் குடியிருப்பில், செட்டில்மென்டில், இருந்தது. காவல் வேலை போன பிறகு பக்கத்துத் தோட்டங்களில் அவரைச் சேர்க்கவில்லை. தூரத்தில் போய்க் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிவிட்டு வந்து, வியர்வைச் சட்டையை வீட்டுக்குப் பின்னால் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அவர் மனைவி பாப்பாத்தி பின்கதவைத் திறந்தபோது சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பாப்பாத்தி சொன்னபடியே எழுதுகிறேன்.

"சட்டை ஆடுச்சுங்க. கை மட்டும் நேரா நீண்டுச்சு. அவருதான் மாட்டிக்கிட்டு நிக்கறாருன்னு நெனச்சு, 'அதுக்குள்ள வந்தாச்சா'ன்னு கேட்டனுங்க. பதிலில்ல. சட்டைக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. வெலக்கிப் பாத்தனுங்க."

பாப்பாத்தி அலறினார். பொன்னான் ஓடி வந்து நடுவில் நின்றார். காட்டுமாடு அவரை ஒருமுறைதான் தூக்கியது. இடுப்பு எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழங்கள் வாங்கிப் போனேன். வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தேன். எல்லாம் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர.

இன்றும் நல்லூரில் என் வீட்டு மாடியில் துணி காயும்போது நான் மேலே போவதில்லை. கீழே உட்கார்ந்தால் போதும், அந்தச் சப்பும் சத்தம் எனக்குக் கேட்கும். என் மகன் அது தண்ணீர் சொட்டும் சத்தம் என்கிறான். அவன் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

தெரியாதவர்களிடம்

சில ஆண்டுகள் ஓடிவிட்டன. உடன்பாட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. நல்ல உடன்பாடு அது. அதன் பிறகு அந்த ஏழு ஊரிலும் மின்கம்பியில் யானை சாகவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, மக்களை எப்படிச் சேர்த்தீர்கள் என்று குறிப்பெடுத்துப் போகிறார்கள். அதை உருவாக்கியவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு நடந்தது.

விழாவுக்கு முந்தின நாள் கரட்டுப்பள்ளம் போனேன். பொன்னான் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாய்த்து வைத்த ஊன்றுகோல் பக்கத்தில். துணி, உப்பு, மைக், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "இத எதுக்குங்க எங்கிட்டச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவிங்ககிட்டப் போயிச் சொல்லுங்க சாமி."

"சொன்னா ஒப்பந்தம் ஒடஞ்சிரும்னு பயமா இருக்கு பொன்னா. கம்பி மறுபடி வந்துட்டா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்க" என்றார். "ஆனா எம் பொண்ணு கண்ணாலத்துக்குப் பாத்த எடமெல்லாம் திருடன் ஊடுன்னு திரும்பிப் போயிருச்சுங்க."

மறுநாள் அதே மண்டபம். வேனில் அவரையும் பாப்பாத்தியையும் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். பொன்னாடை போர்த்துவதற்கு முன் மைக்கை வாங்கினேன். காகிதம் பார்க்காமல் சொன்னேன். துணியில் உப்பு இருந்தது. அதுதான் மிருகத்தை இழுத்தது. எனக்குத் தெரியும். பொன்னான் திருடவில்லை, காப்பாற்றினார். நான் பொய் சொன்னேன்.

சொல்லி முடித்துவிட்டுக் கூச்சலுக்குக் காத்திருந்தேன். காகிதம் கிழியும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

மின்விசிறிகள் ஓடின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. அந்த அமைதி புதிதாகக் கேள்விப்பட்டவர்களின் அமைதியாக இல்லை.

ராக்கியப்பன்தான் வாயைத் திறந்தார். கேலி இல்லாத அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

"உக்காருங்க சாமி. தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

சென்னியப்பன் தலையைத் தூக்காமல் சொன்னான். "நீங்க மைக்குல சொன்ன ரண்டாம் நாளு நானும் ராக்கியப்பனும் பள்ளத்துல போயித் தோண்டிப் பாத்தோமுங்க மச்சா. பூராத் துணியும் இருந்துச்சு. மடிச்சு மடிச்சு வெச்சிருந்தாப்ல. வந்து நாலு பேருத்துகிட்டச் சொன்னோம். அவிங்க அவிங்க ஊர்ல சொன்னாங்க."

"ஏன் மாப்ள எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்களே மறைக்கறப்ப நாங்க எதுக்குங்க? நஷ்டஈடு வந்துட்டிருந்துச்சு. காவலு வந்துச்சு. கெளறுனா எல்லாம் நின்னுரும்னு உட்டுட்டோம். அவுருக்கு வேற வேலை கெடைச்சுக்குமுன்னு நெனச்சோம்."

ஏழு ஊரும் தெரிந்தே கையெழுத்தைக் காத்து வந்திருக்கிறது. தெரிந்தே அவரைத் தோட்டத்துக்குள் விடாமலிருந்திருக்கிறது. ஊருக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பித்தான் பொன்னான் இத்தனை காலம் வாழ்ந்தார். அந்த நம்பிக்கையையும் அன்று நான் எடுத்துவிட்டேன்.

கடைசி வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம். பொன்னான் எழுந்து நின்றார். வரிசை வரிசையாக ஒவ்வொரு முதுகையும் பார்த்தார்.

"எல்லார்த்துக்குந் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

பாப்பாத்தி அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

உடன்பாடு அன்றே புதுப்பிக்கப்பட்டது. ஒருவர் மிச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னானுக்கு மறுபடி காவல் வேலை கொடுக்க எல்லோரும் கை தூக்கினார்கள். அவர் அந்த வேலைக்கு வரவில்லை.

இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் கரட்டுப்பள்ளம் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடுகிறேன் என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மான் வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பத்திரிகையில பேர மாத்திப் போடுவாங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமா. சென்னியப்பன், ராக்கியப்பன் பேரையெல்லாம் மாத்தித்தான் எழுதியிருக்கேன். உங்க பேரையும்..."

"என்றத மாத்தாதீங்க" என்றார். "அப்பன் பேரு, ஊருப் பேரு எல்லாஞ் சேத்துப் போடுங்க. மண்டபத்துல சொன்னது மண்டபத்தோட போச்சு. இது காயிதம்."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பொன்னான், தகப்பனார் பெயர் மாரன், கரட்டுப்பள்ளம் செட்டில்மென்ட். வேலித் துணியில் ஒரு முழம்கூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.